வேலூரில் விற்கும் லான் ஸ்லாப்: 420 சதுர அடிக்கு எத்தனை வாங்க வேண்டும்?

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை சுற்றுவட்டார நர்சரிகளில் லான் புல் வாங்கப் போனால் "சதுர அடி இவ்வளவு" என்றுதான் விலை சொல்வார்கள். கையில் எடுத்துக் காட்டுவது மண்ணோடு வெட்டிய ஒரு ஸ்லாப். அதையே ஒரு சதுர அடி என்பார்கள். டேப்பை வைத்துப் பார்த்தால் பல லோடுகளில் அது 11 அங்குலத்துக்கு 11 அங்குலம்தான் இருக்கும். ஒரு அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் 144 சதுர அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் 121தான் வருகிறது, அதாவது 100க்கு 16 குறைவு. ஏமாற்று வேலை என்று உடனே சொல்லிவிடவும் முடியாது. வெட்டும்போதே ஓரம் உதிரும், வழியில் காய்ந்து சுருங்கும். ஆனால் அந்தக் குறையை விலையிலோ எண்ணிக்கையிலோ யாரும் கழித்துத் தருவதில்லை.

ஸ்லாப்பை அளக்கும் முன் இடத்தை அளக்க வேண்டும். மனைப் பத்திரத்தில் உள்ள சென்ட் கணக்கு இதற்கு உதவாது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஆனால் அதில் வீடு, போர்ட்டிகோ, நடைபாதை எல்லாம் போய்விடும். டேப்பைத் தரையோடு ஒட்டிப் பிடித்து அளப்பதே சரி. மலையடிவாரத்துச் சரிவு மனைகளில் பிளானைப் பார்த்துக் கணக்குப் போட்டால் குறையும், அதன் மேல் இவ்வளவு கூட்ட வேண்டும்: 4 அடிக்கு 1 அடி இறங்கும் சரிவில் 3 சதவீதம், 2 அடிக்கு 1 அடி இறங்கினால் 12 சதவீதம்.

வளைந்த ஓரம் இருந்தால் பலர் குத்துமதிப்பாகச் சொல்லிவிடுகிறார்கள். அதற்கு எளிய வழி உண்டு. நீளவாக்கில் ஒரு கயிறு கட்டி, 5 அடிக்கு ஒரு முறை அகலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 30 அடி நீள முன்வாசலில் 12, 14, 16, 18, 16, 14, 14 என்று ஏழு அகலங்கள் வருவதாக வைத்துக்கொள்வோம். முதலையும் கடைசியையும் பாதியாக எடுத்து, மற்றவற்றை முழுதாகக் கூட்டினால் 91. அதை 5ஆல் பெருக்கினால் 455 சதுர அடி. இதில் தென்னை மரத்துப் பாத்தியைக் கழிக்க வேண்டும்: ஆரம் 3 அடி என்றால் 3.14 × 3 × 3, ஏறக்குறைய 28. செப்டிக் டேங்க் மூடி மூன்றரைக்கு இரண்டு, அது 7. மிச்சம் 420. மூடியின் மேலும் புல் போட்டு மறைத்துவிடலாம் என்று மேஸ்திரி சொன்னால் கேட்காதீர்கள். கான்கிரீட் சூட்டில் அந்தப் புல் கோடையைத் தாண்டாது.

420 சதுர அடியை 11 அங்குல ஸ்லாப்பால் நெருக்கமாக மூட 420 × 144 ÷ 121, அதாவது 500 ஸ்லாப் வேண்டும். சேதாரம் தனி. நேர் ஓரங்கள் மட்டும் என்றால் 5 சதவீதம் போதும். வளைவு இருந்தால் 7 முதல் 10. நடுவில் நடைக்கற்கள் பதித்திருந்தால் 12 வரை போகும், ஏனென்றால் கல்லுக்குக் கல் வெட்டிய துண்டுகள்தான் மிஞ்சும். 4 அங்குலத்துக்குக் குறைவான துண்டு ஓரத்தில் பிழைப்பதில்லை, நான்கு பக்கமும் காய்ந்து இரண்டே நாளில் வைக்கோலாகிவிடும். அதனால் ஓரத்தில் எப்போதும் முழு ஸ்லாப்பை வைத்து, வெட்டிய துண்டை உள்ளே தள்ள வேண்டும். நம் உதாரணத்துக்கு 7 சதவீதம் சேர்த்தால் 535.

இங்கேதான் "போட்டுக் கொடுக்கும்" சர்வீஸின் கணக்கு வேறாகிறது. 420 சதுர அடிக்கும் பணம் வாங்கிக்கொண்டு, ஸ்லாப்புக்கு ஸ்லாப் 2 அங்குல இடைவெளி விட்டுப் பதிப்பார்கள். அப்போது ஒவ்வொரு ஸ்லாப்பும் 13க்கு 13 அங்குல இடத்தைப் பிடிக்கிறது, 358 ஸ்லாப்பிலேயே வேலை முடிந்துவிடும். இடைவெளியில் மண் தூவி, "ரெண்டு மாசத்துல மூடிக்கும் சார்" என்பார்கள். மூடத்தான் செய்யும், அதற்கு முன் கோரைக் களை மூடாமல் இருந்தால். இடைவெளி விட்டுப் பதிப்பது தவறான முறையல்ல, பணம் குறைய வேண்டும் என்பவர்களுக்கு நல்ல வழிதான். ஆனால் 358 ஸ்லாப்புக்கு 420இன் விலையைக் கொடுக்கக் கூடாது. "விரித்த பரப்புக்கா, ஸ்லாப் எண்ணிக்கைக்கா, இடைவெளி எத்தனை அங்குலம்?" என்று முன்பணம் தரும் முன் கேட்டு, பதிலை எஸ்டிமேட்டிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கும் ஆளிடம் வாங்க வேண்டியதில்லை.

புல் வகைகளைப் பற்றி. பெயர்கள் நர்சரிக்கு நர்சரி மாறும். ஓரிடத்தில் மெக்சிகன் என்பதை அடுத்த இடத்தில் கொரியன் என்பார்கள், ஆகவே இலையைப் பார்த்து வாங்குங்கள். ஊசி போல் மெல்லிய இலையும் அடர்ந்த மெத்தையும் கொண்டது பார்க்க அழகு, ஆனால் மெதுவாகத்தான் பரவும். வெட்டாமல் விட்டால் மேடு மேடாகப் புடைக்கும். இதை இடைவெளி விட்டுப் பதிப்பது வீண். அருகம்புல் இனமான பெர்முடா வேகமாகப் பரவும், மிதியைத் தாங்கும், உப்புத் தண்ணீரையும் ஓரளவு பொறுக்கும். நாளுக்கு 6 மணி நேர வெயில் மட்டும் அதற்குக் கட்டாயம். எங்கள் கணிப்பில், போர் தண்ணீர் உப்பாக உள்ள வீடுகளுக்கு இதுவே முதல் தேர்வு. அகல இலை பஃபலோ புல் அரை நிழலுக்கு ஆகும். அடர்ந்த மாமரத்தடியில் எதுவும் நிற்காது, அந்தப் பரப்பை முதலிலேயே கழித்துவிடுங்கள்.

லோடு வந்ததும் மேலடுக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். அடுக்கின் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் 10 ஸ்லாப் எடுத்து இரு பக்கமும் அளந்து சராசரி பாருங்கள். ஒரு ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் உடையாமல் தொங்க வேண்டும். அடிப்பக்கம் வெள்ளை வேர் தெரிய வேண்டும். கறுத்த சிறு கிழங்கு இருந்தால் அது கோரை, அந்த லோடே வேண்டாம். அடுக்குக்குள் கையை விட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் புல் உள்ளேயே வெந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஓசூர், பெங்களூரு பக்கத்திலிருந்து இரவோடு இரவாக வரும் சரக்கு தாங்கும். ஆந்திராவின் கடியம் வரை போய் வந்தது என்றால் வெட்டிய நேரத்தைக் கேட்டே ஆக வேண்டும். எங்கிருந்து வந்தாலும் இறக்கிய அன்றே பதித்து முடிக்க வேண்டும், வேலூர் வெயிலில் மறுநாள் என்ற பேச்சே கிடையாது.

எடையும் ஒரு சாட்சி. ஒரு அங்குல மண்ணோடு உள்ள ஈரமான 11 அங்குல ஸ்லாப் 3 முதல் மூன்றரை கிலோ இருக்கும். 535 ஸ்லாப் என்றால் ஒன்றரை டன்னுக்கு மேல். குட்டி யானை எனும் சின்ன லோடு வண்டிக்கு அது அதிகம். அவ்வளவும் அதில் ஒரே நடையில் வந்து இறங்கினால், ஸ்லாப்பில் மண் அரை அங்குலம்தான், வேரைப் பாதி சீவிவிட்டார்கள். அல்லது அடியில் உள்ளவை நசுங்கியிருக்கும்.

அடிமண்ணுக்கு 4 அங்குலம் என்று வைத்தால் 420 சதுர அடிக்கு 140 கன அடி. தண்ணீர் விட்டதும் படியும், ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 168. ஒரு யூனிட் 100 கன அடி, ஆக ஒன்றே முக்கால் யூனிட் பிடிக்கும். செம்மண் 2 பங்கு, மணல் 1, நன்றாக மக்கிய தொழு உரம் 1. எம்-சாண்ட் போடுவதானால் தூசி கழுவியதாக இருக்கட்டும், தூசி இருந்தால் மண் இறுகித் தண்ணீர் மேலேயே நிற்கும். கட்டடம் கட்டியபோது கொட்டிய சிமென்ட் கலவையை 6 அங்குலம் தோண்டி எடுக்காமல் மேலே செம்மண்ணைப் பரப்புவதுதான் புது வீட்டு லான்கள் திட்டுத்திட்டாக மஞ்சளாவதற்கு முக்கியக் காரணம். மண் மட்டம் நடைபாதைக்கு ஒன்றரை அங்குலம் கீழே நிற்கட்டும். வீட்டிலிருந்து வெளியே 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் வேண்டும். பதிக்கும் முன் இரண்டு முறை தண்ணீர் விட்டு, முளைக்கும் கோரையைக் கிழங்கோடு பிடுங்கிவிடுங்கள். ஸ்லாப்களைச் செங்கல் வரிசை போல இணைப்பு மாற்றி மாற்றி வைத்து, சந்தில் மணல் தூவி, ரோலர் ஓட்டினால் போதும்.

எத்தனை சதுர அடி என்பதைக் கடைசியில் முடிவு செய்வது போர்தான். 420 சதுர அடி என்பது 39 சதுர மீட்டர். கோடையில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்றாலும் 195 லிட்டர் வேண்டும். வேர் பிடிக்கும் முதல் இரண்டு வாரம் அதன் இரு மடங்கு. மே மாதத்தில் அவ்வளவு தண்ணீர் கிடைக்காது என்று தெரிந்தால் லானைப் பாதியாகக் குறைத்து, மிச்சத்தில் ஜல்லியோ செடியோ வையுங்கள். ஆர்.ஓ. கழிவுநீரைப் புல்லுக்குத் திருப்பிவிடும் யோசனை வேண்டாம், அதில் உப்பு செறிந்திருக்கும். பதிக்க ஏற்ற காலம் ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. கத்திரி வெயிலில் பதித்தால் சேதாரத்துக்கு 10 சதவீதம் கூட்டியும் போதாது.

ஸ்லாப் விலை கட்டுப்படியாகாதவர்களுக்கு நாற்றாக ஊன்றும் முறை இருக்கிறது. ஒரு 11 அங்குல ஸ்லாப்பை 25 துண்டாக்கி அரை அடிக்கு ஒன்று ஊன்றினால் 6 சதுர அடிக்கு மேல் வரும், 420க்கு 70 ஸ்லாப் போதும். பெர்முடாவுக்கு மூன்று நான்கு மாதத்தில் தரை மூடும், மெல்லிலைப் புல்லுக்கு அரை வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரை வாரம் ஒரு முறை களை எடுக்க ஆள் வேண்டும். அந்தக் கூலியையும் கூட்டிப் பார்த்துவிட்டு எது மலிவு என்று முடிவு செய்யுங்கள்.