கன்டெம்ப்சுவஸா, கன்டெம்ப்டிபிளா?

'என்னைக் கேவலமாகப் பார்த்தான்.' 'அவன் கேவலமான ஆள்.' முதலாவதில் இகழ்ச்சி அவன் கண்ணிலிருந்து கிளம்புகிறது. இரண்டாவதில் அவன் தலையிலேயே விழுகிறது. தமிழில் 'கேவலம்' இரண்டு வேலையையும் பார்த்துவிடும். ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு சொற்கள் வேண்டும். நம்மவர்கள் சறுக்குவது இங்கேதான்.

இகழ்கிறவருக்கு கன்டெம்ப்சுவஸ், இகழத்தக்கவருக்கு கன்டெம்ப்டிபிள். பின்னதில் வரும் 'இபிள்' நம் 'தக்க' செய்யும் வேலையைச் செய்கிறது. ஆகவே குழப்பம் வந்தால் அந்த இடத்தில் 'இகழும்', 'இகழத்தக்க' இரண்டையும் போட்டுப் பாருங்கள்; எது பொருந்துகிறதோ அதற்குரிய சொல்லை எழுதுங்கள். இதில் அசட்டை கூடாது. 'மேலாளர் என்னை மதிக்காமல் பதில் சொன்னார்' என்று புகார் எழுத நினைத்து, அந்தப் பதிலை கன்டெம்ப்டிபிள் என்று எழுதிவிட்டால், முறையீடு வசையாகிவிடும். அங்கே வரவேண்டியது கன்டெம்ப்சுவஸ்.

எதை இகழ்கிறார் என்று சொல்ல கன்டெம்ப்சுவஸுக்குப் பின் 'ஆஃப்' வரும்: 'கன்டெம்ப்சுவஸ் ஆஃப் ரூல்ஸ்'. 'விதிகளைப் பற்றி' என்று மனத்துக்குள் தமிழ் ஓடுவதால் பலர் 'அபவுட்' போடுகிறார்கள். அது தவறு. இங்கிலாந்துச் சட்டத்தில் 'கன்டெம்ப்சுவஸ் டேமேஜஸ்' என்று ஒன்று உண்டு. வழக்குப் போட்டவர் ஜெயித்தாலும், இதற்கெல்லாம் வழக்கா என்று நீதிமன்றம் கருதினால், புழக்கத்தில் உள்ள மிகச் சிறிய நாணயத்தை இழப்பீடாகக் கொடுக்கும். இகழ்வது நீதிமன்றம் என்பதால்தான் அந்தச் சொல்.

கன்டெம்ப்டிபிளுக்கு, முதல் உலகப் போர் தொடங்கிய 1914-ஐவிட நல்ல சான்று கிடையாது. பிரிட்டிஷ் படையை 'கன்டெம்ப்டிபிள் லிட்டில் ஆர்மி' என்று ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் ஓர் ஆணையில் இழித்துரைத்ததாகச் செய்தி பரவியது. அவர் அப்படி ஆணையிட்டதற்கு மூல ஆவணம் கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் படையில் மிஞ்சியவர்கள் அந்த வசையையே பட்டமாக எடுத்துக்கொண்டு 'ஓல்ட் கன்டெம்ப்டிபிள்ஸ்' ஆனார்கள். அங்கே கன்டெம்ப்சுவஸ் போட்டிருந்தால் பிறரை ஏளனம் செய்யும் படை என்றாகியிருக்கும்.

டெஸ்பிக்கபிளும் இகழத்தக்கதுதான், ஆனால் சூடு அதிகம். அற்பத் தொகையை கன்டெம்ப்டிபிள் எனலாம், டெஸ்பிக்கபிள் என்றால் ஒட்டாது. முதியவரின் ஓய்வூதியத்தை ஏமாற்றிப் பறிப்பது டெஸ்பிக்கபிள். தாமதமாக வந்த பார்சலுக்கெல்லாம் அதைச் செலவழித்தால், உண்மையான கொடுமையைச் சொல்லும்போது சொல்லில் வலு இருக்காது. உச்சரிக்கும்போது இப்போதைய வழக்கில் அழுத்தம் 'ஸ்பிக்'கில் விழுகிறது. முதல் அசையை அழுத்துவது பழைய முறை.