நெல் சல்லடை அதிர்வைக் கணிக்க ஹார்மோனிக் பேலன்ஸும் பாலினாமியல் கேயாஸும்: நான்கு பருவப் பயன்பாட்டுக்குப் பின்

டெல்டா அரவை மில்களில் ரப்பர் மவுண்ட் மேல் நிற்கும் அதிர்வுச் சல்லடைக்காக இரண்டு முறைகளைச் சேர்த்துப் பயன்படுத்தியதில் தேறியதும் தேறாததும் இங்கே. ஹார்மோனிக் பேலன்ஸ் நிலைத்த ஆட்டத்தைச் சைன் அலைகளின் கூட்டாக எழுதித் தீர்ப்பது; பாலினாமியல் கேயாஸ் நிச்சயமில்லாத மாறிகளோடு விடை எப்படி மாறுகிறது என்பதை ஒரு பல்லுறுப்புக் கோவையாக விரிப்பது.

மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று, பாதியாகக் குறைக்கும் புல்லி, ஆக 720 சுற்று: 12 ஹெர்ட்ஸ். சல்லடை 180 கிலோ, நான்கு மவுண்ட், ஒவ்வொன்றும் மில்லிமீட்டருக்கு 160 நியூட்டன். இயல் அதிர்வெண் 9.5 ஹெர்ட்ஸ். ரப்பர் அமுங்க அமுங்க இறுகும், அதனால் ஒத்ததிர்வு வளைவின் உச்சி வலப்பக்கம் சாயும். சாய்ந்த நுனி, அதாவது மடிப்புப் புள்ளி, 12ஐத் தாண்டினால் ஆபத்து. கரண்ட் போய் உடனே திரும்பும்போது சல்லடை மேல்கிளையில் (ஒரே வேகத்தில் சாத்தியமான இரண்டு நிலைத்த ஆட்டங்களில் வீச்சு பெரியது) ஏறி அங்கேயே நின்றுவிடும். போல்ட் தளரும், சட்டம் வெடிக்கும். மாலையில் வோல்டேஜ் இறங்கி மோட்டார் 1400க்கு வந்தால் எல்லை 11.7 ஆகிவிடும்.

இயக்கச் சமன்பாட்டைக் கணினியில் காலப்படியாக ஓட்டிப் பார்ப்பது இங்கே கட்டுப்படியாகாது. தணிப்பு விகிதம் 5 சதவீதம் என்றால் தொடக்க ஆட்டம் ஆயிரத்தில் ஒரு பங்காக அடங்க 22 சுற்று வேண்டும். சுற்றுக்கு 60 படி, 200 அதிர்வெண், 1000 மாதிரி (விறைப்பு, தணிப்பு போன்றவற்றுக்கு வெவ்வேறு மதிப்பு வைத்த கணக்குகள்) என்று பெருக்கினால் 26 கோடிப் படிகளுக்கு மேல் போகும். அப்படியும் மேல்கிளை கண்ணில் படாமலே போகலாம். ஹார்மோனிக் பேலன்ஸ் நிலைத்த ஆட்டத்தை நேரடியாகத் தேடுகிறது: ஐந்து ஹார்மோனிக் (ஓடும் அதிர்வெண்ணும் அதன் மடங்குகளும், ஒவ்வொன்றுக்கும் ஒரு சைன், ஒரு கொசைன்), ஒரு மாறிலி, மொத்தம் 11 அறியாதவை. ரப்பரின் விசையைக் காலத்தில் கணக்கிட்டு ஃபூரியருக்கு, அதாவது ஹார்மோனிக் அளவுகளுக்கு, திருப்பும் முறை 1989இல் கேமரூனும் கிரிஃபினும் தந்தது. முப்படி விசைக்கு (இடப்பெயர்ச்சியின் கனத்துக்கு ஏற்ப ஏறுவது) சுற்றில் 21 புள்ளி போதும். 32 வைத்துக்கொண்டால் எஃப்.எஃப்.டி. என்னும் வேக ஃபூரியர் கணக்குக்கும் வசதி.

அந்த மாறிலியை விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை. சல்லடையின் சொந்த எடையிலேயே மவுண்ட் 2.8 மில்லிமீட்டர் அமுங்கி நிற்கிறது. அங்கிருந்து பார்த்தால் மேலே போவதும் கீழே போவதும் சமமில்லை, இரண்டாம் ஹார்மோனிக்கும் எழும். ஒற்றைப்படை ஹார்மோனிக் மட்டும் வைத்த கணக்கு மடிப்பைத் தப்பான இடத்தில் காட்டும்.

வளைவைத் தொடர்ந்து செல்ல ஆர்க் லெங்த் முறை: அதிர்வெண்ணில் அல்லாமல் வளைவின் நீளத்திலேயே படி வைத்து நகர்வது. இடப்பெயர்ச்சியை மீட்டரிலும் அதிர்வெண்ணை ரேடியனிலும் கொடுத்தால் ஒன்று 0.004, மற்றது 70. படி நீளம் முழுவதையும் அதிர்வெண்ணே தின்றுவிடும், நிரல் மடிப்பில் திரும்பாமல் திணறும். இரண்டையும் ஒன்றுக்கு அருகில் வரும்படி அளவிட்டுக்கொண்டால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும். நிலைத்தன்மைக்கு ஒரே ஒரு சுற்றை இரண்டு தொடக்க நிலைகளோடு ஓட்டி 2×2 அணியின் ஐகன் மதிப்புகளைப் பார்க்கிறோம்; ஒரு சிறு விலகல் ஒரு சுற்றில் எத்தனை மடங்காகிறது என்பதை அவை சொல்லும். மடிப்பில் ஒன்று +1ஐக் கடக்கும்.

இனி நிச்சயமின்மை. எடை வைத்து டயல் கேஜில் அளந்தால் ஒரே பெட்டியில் வந்த மவுண்டுகளே ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. 25 கிலோ படியாக 100 வரை ஏற்றி, வளைவாகவே எடுக்க வேண்டும். அதிரும்போது ரப்பர் இந்த அளவைவிட விறைப்பாக இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாறிகள் மூன்று: விறைப்பு, தணிப்பு, சல்லடை மேல் கிடக்கும் நெல். குறுவை அறுவடை மழையில் மாட்டினால் ஈர நெல் எடையைக் கூட்டி அதிர்வெண்ணை இறக்கும். ஆகவே நாம் பயப்பட வேண்டியது ஈர நெல்லுக்கு அல்ல. பழசாகி இறுகிய ரப்பரில், மார்கழிக் குளிரில், வெறுமனே ஓடும் சல்லடைக்குத்தான்.

மூன்று மாறி, நான்காம் படி என்றால் பாலினாமியல் கேயாஸில் 35 குணகம். 100 மாதிரி ஓட்டினால் போதும். விறைப்புக்குச் சீரான பரவலும் அதற்குரிய லெஜாண்டர் பல்லுறுப்புகளும் நல்லது. இயல்நிலைப் பரவலுக்குரிய ஹெர்மைட் எடுத்தால் பரவலின் வால் எதிர்மறை விறைப்பு வரை போகும். நேரியல் விறைப்பும் முப்படி விறைப்பும் ஒன்றாகவே ஏறி இறங்குபவை. தனித்தனி மாறியாக வைத்தால் விடையின் சிதறல் தப்பாக வரும்.

எங்களை அதிகம் அலைக்கழித்தது இன்னொன்று. 12 ஹெர்ட்சில் வீச்சு எவ்வளவு என்று நேராக விரித்தால் சில மாதிரி மேல்கிளையில் விழும், சில கீழ்க்கிளையில். பல்லுறுப்பு அந்தப் படிக்கட்டை வழவழப்பாக்கப் பார்த்து அலைபாயும். எதிர்மறை வீச்சுகூடத் தரும். படியை நான்கிலிருந்து எட்டாக்கினாலும் பலனில்லை. வீச்சை விட்டு மடிப்பு அதிர்வெண்ணை விரித்தபோது எல்லாம் அடங்கியது, ஏனென்றால் அது மாறிகளோடு மெதுவாகத்தான் நகர்கிறது. பிறகு அந்தப் பல்லுறுப்பில் ஒரு லட்சம் மாதிரி போட்டு 11.7ஐத் தாண்டுபவற்றை எண்ணுவது விநாடிக் கணக்கு வேலை.

மையவிலகு எடை தரும் விசை வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால், தணிப்பு குறைந்த சில மாதிரிகளில் மேல்கிளை மடியாமலே ஓடிக்கொண்டிருக்கும். நிரல் 'விடை இல்லை' என்று நின்றால் அவற்றைத் தூக்கிப் போடாதீர்கள். ஆபத்துக் கணக்கில் முதலில் சேர வேண்டியவை அவைதான்.