நினைவு தப்பும் கணத்தைக் கணினியில் பார்த்தல்: ‘தி வர்ச்சுவல் பிரெயின்’ மென்பொருள், ஒரு மதிப்புரை

மயக்க மருந்து நரம்பில் ஏறிய சற்று நேரத்தில், எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தவரின் குரல் பாதியில் நின்றுபோகிறது. புரோபோஃபால் என்னும் மயக்க மருந்து, நரம்பணுவின் மேலுள்ள காபா-ஏ ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு, நரம்பணுக்களை அடக்கும் சமிக்ஞையை நீட்டிக்கிறது என்பது தெரிந்த செய்திதான். அந்தச் சிறு மாற்றம், ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் கொண்ட மூளை முழுவதையும் எப்படி வேறொரு நிலைக்குத் தள்ளுகிறது என்பதே புதிர். அதைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே ‘தி வர்ச்சுவல் பிரெயின்’ மென்பொருளைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன்.

விக்டர் யிர்சா, ராண்டி மக்கின்டாஷ், பெட்ரா ரிட்டர் ஆகியோரின் குழுக்கள் உருவாக்கிய இந்தத் திறந்த மூல மென்பொருள் பைத்தான் நிரல்மொழியில் எழுதப்பட்டது, இலவசமாகக் கிடைக்கிறது. இது ஒவ்வொரு நரம்பணுவையும் தனித்தனியே கணக்கிடுவதில்லை. மூளையைச் சில பத்துப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் சராசரிச் செயல்பாட்டையும் சில சமன்பாடுகளால் குறித்து, எம்.ஆர்.ஐ. வழியே பெற்ற நரம்பிழை வரைபடத்தின்படி அவற்றை இணைக்கிறது. 90 மில்லிமீட்டர் நீளமுள்ள இழையில் சமிக்ஞை நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் சென்றால் 30 மில்லிவினாடி தாமதமாகும் அல்லவா, அந்தத் தாமதம்கூடக் கணக்கில் சேர்கிறது. உலாவியில் இயங்கும் இடைமுகம் உண்டு. ஆனாலும் இங்கே சொல்லும் சோதனைகளுக்கு நேரடியாக நிரல் எழுதுவதே எளிது.

நான் எடுத்துக்கொண்டது, மூளையின் வெளியடுக்கான பெருமூளைப் புறணியை 68 பகுதிகளாகப் பிரிக்கும் வரைபடம். அந்தப் பகுதிகளுக்கான சமன்பாடுகளில் நரம்பணுவின் சோர்வைக் குறிக்கும் ஓர் அளவுரு இருக்கிறது. தொடர்ந்து துடிக்கும் நரம்பணு எவ்வளவு சீக்கிரம் களைத்து அடங்குகிறது என்பதை அது தீர்மானிக்கிறது. விழித்திருக்கும் மூளையில் அசிட்டைல்கோலின் போன்ற வேதிப்பொருள்கள் இந்தச் சோர்வைக் குறைத்து வைக்கின்றன. அளவுருவை 5 பிக்கோஆம்பியரில் (மிக நுண்ணிய மின்னோட்ட அலகு) வைத்தபோது, திரையில் ஒழுங்கற்ற, சிறிய, வேகமான அலைகள் ஓடின. 60 ஆக்கியதும் 68 பகுதிகளும் ஒன்றாக எழுந்து, ஒன்றாக அடங்கின. ஆழ்ந்த உறக்கத்தின் இ.இ.ஜி. எனும் மூளை மின்னலைப் பதிவில் காணும் மெல்லலையின் சாயல் அப்படியே இருந்தது. ஒரே ஓர் எண்ணைத் திருகியதில் மூளை முழுவதும் இப்படிச் சாய்வதைப் பார்த்த அந்த நிமிடத்துக்காகவே இந்த மென்பொருளைப் பரிந்துரைப்பேன்.

(முதல் நாள் இதைவிட அழகான மெல்லலை ஒன்று கிடைத்ததென்று மகிழ்ந்திருந்தேன். தொடக்க மதிப்புகளிலிருந்து கணக்கு நிலைபெறும்வரை வரும் தள்ளாட்டம் அது. முதல் சில நொடிகளை வெட்டி எறிய மறந்தது என் பிழை.)

அடுத்து, ஒரு பகுதியை மட்டும் தூண்டிப் பார்த்தேன். விழிப்பு நிலையில் அந்தத் தூண்டல் தொலைவிலுள்ள பகுதிகளுக்கும் பரவி, இடத்துக்கு இடம் வேறுபட்ட எதிரொலிகளை எழுப்பியது. மெல்லலை நிலையிலோ, தூண்டிய இடத்தில் பெரியதோர் அலை எழும்பி அங்கேயே அடங்கியது. மனிதர்களின் தலைமேல் காந்தத் துடிப்பைச் செலுத்தி, எதிரொலியின் சிக்கலை ஒற்றை எண்ணாக மாற்றும் முறையை நரம்பியல் ஆய்வாளர் மார்செல்லோ மாசிமினியின் குழு 2013இல் வெளியிட்டது. ஆழ்ந்த உறக்கத்திலும் மயக்க மருந்தின் பிடியிலும் அந்த எண் 0.31ஐத் தாண்டவில்லை, விழித்திருந்தவர்களிடம் அதைவிடத் தெளிவாக உயர்ந்திருந்தது. உயிருள்ள மூளையில் கண்ட அதே வேறுபாட்டைச் சமன்பாடுகள் தாமாகவே தருவதால், இதை வெறும் அலை வரையும் கருவி என்று ஒதுக்க முடியாது.

குறை இல்லாமலும் இல்லை. நான் பயன்படுத்திய வரைபடத்தில், மூளையின் நடுவே இருந்து புறணியோடு சமிக்ஞைகளைப் பரிமாறும் தலாமஸ் கிடையாது. புரோபோஃபாலால் நினைவு தப்பும்போது மெல்லலையோடு சேர்ந்து, நெற்றிப் பகுதியில் 8 முதல் 12 ஹெர்ட்ஸ் வரையிலான ஆல்ஃபா அலையும் வலுக்கிறது. தலாமஸும் புறணியும் ஒன்றையொன்று தூண்டும் சுற்றே அதற்குக் காரணம் என்று 2010இல் வந்த ஒரு கணினி மாதிரி காட்டியது. அடக்கும் சமிக்ஞையின் நீளத்தை 5 மில்லிவினாடியிலிருந்து படிப்படியாக உயர்த்தியும் எனக்கு அந்த ஆல்ஃபா கிடைக்கவில்லை. வரைபடத்தில் இல்லாத உறுப்பின் அலை வராததில் வியப்பில்லை. ஆகவே இதில் கிடைப்பதை உறக்கத்தின் மாதிரி என்று சொல்லத் துணியலாம், புரோபோஃபால் மயக்கத்தின் மாதிரி என்று சொல்லத் தயங்க வேண்டும்.

கெட்டமைன் என்னும் இன்னொரு மயக்க மருந்து இன்னும் பெரிய சிக்கல். அதன் பிடியில் இருப்பவர் அழைத்தால் பதில் சொல்வதில்லை. விழித்தபின் நெடுங்கனவுகளை விவரிக்கிறார், மாசிமினி முறையின் எண்ணும் அவரிடம் உயர்ந்தே நிற்கிறது. திரையில் ஓடும் அலையை மட்டும் பார்த்து ‘நனவு போய்விட்டது’ என்று எழுதும் பழக்கத்தை நான் விட்டது இதை அறிந்த பிறகுதான். இப்போது என் குறிப்பேட்டில் ‘மெல்லலை நிலை’ என்று மட்டுமே எழுதுகிறேன்.