அவசரத்தில் காணொளி ஆலோசனையா, நேரடி மருத்துவமா?

உடம்புக்குத் திடீரென்று முடியாமல் போகும்போது, அதிலும் இரவிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ அப்படி நேரும்போது, கைப்பேசியில் மருத்துவரைப் பார்ப்பதா, மருத்துவமனைக்குக் கிளம்புவதா என்ற கேள்வி இன்று பல வீடுகளில் எழுகிறது. 2020 மார்ச் 25 அன்று மத்திய அரசு தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அடுத்த மாதமே இ-சஞ்சீவனி புறநோயாளிகள் சேவை, வீட்டிலிருந்தபடியே கட்டணமின்றி மருத்துவரைக் கலந்து பேச வழி செய்தது. காணொளி ஆலோசனையையும் நேரடி மருத்துவத்தையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் செலவையும் அலைச்சலையுமே கணக்கில் எடுக்கிறார்கள். நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு கேள்வி: இந்த நோயாளியை இன்றைக்கே ஒரு கை தொட்டுப் பார்க்க வேண்டுமா, அல்லது ஒரு கருவி சோதிக்க வேண்டுமா?

நெஞ்சுவலியில் இந்தக் கேள்விக்கு உடனே விடை கிடைத்துவிடும். வாயுப்பிடிப்பா, மாரடைப்பா என்பதை எவ்வளவு அனுபவமுள்ள மருத்துவரும் திரையில் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஈசிஜி வேண்டும், ரத்தப் பரிசோதனை வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியே தெரியாமல், வெறும் வியர்வையும் மூச்சிரைப்பும் அசதியுமாக மாரடைப்பு வருவதுண்டு என்பதால் இதில் கூடுதல் எச்சரிக்கை தேவை. வாய் கோணுதல், ஒரு கை தளர்ந்து விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்து மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். இத்தகைய நேரத்தில் காணொளி அழைப்புக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இழப்புதான். பாம்புக்கடியும் அப்படியே: கடிபட்ட உறுப்பை அசைக்காமல், இறுக்கிக் கட்டாமல், 108-ஐ அழைத்துக் கிளம்ப வேண்டும். நேரில் மருத்துவம் பெற வழி இருக்கும்போது அவசர சிகிச்சைக்குத் தொலைமருத்துவத்தைத் தவிர்க்க வேண்டும் என்றும், வேறு வழியில்லாதபோது அதை முதலுதவிக்கும் எங்கே செல்வது என்ற அறிவுரைக்கும் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்றும் அந்த நெறிமுறைகளே சொல்கின்றன.

குழப்பம் தருவது நடுவில் இருக்கும் தொல்லைகள்தான். குழந்தைக்குச் சளியும் காய்ச்சலும், கொஞ்சம் வேகமாக மூச்சு வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கே காணொளி உண்மையிலேயே கைகொடுக்கும். அழாமல் இருக்கும் குழந்தையின் சட்டையை உயர்த்தி, நெஞ்சும் வயிறும் தெரியும்படி கைப்பேசியைப் பிடித்தால், மருத்துவர் முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணலாம். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் நிமிடத்துக்கு 50-ஐத் தொட்டாலும், ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40-ஐத் தொட்டாலும் அது வேக மூச்சு. மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினால் உடனே நேரில் கொண்டுபோக வேண்டும். இவை எதுவும் இல்லை, குழந்தை பால் குடிக்கிறது, சிறுநீர் கழிக்கிறது என்றால், எடைக்கேற்ற பாராசிட்டமால் அளவைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, கூட்டம் நிறைந்த ஓபியில் காத்திருக்காமல் வீட்டிலேயே கவனிக்கலாம். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மட்டும் இந்த யோசனைக்கே இடமில்லை. நேரில்தான் காட்ட வேண்டும்.

வயிற்றுவலியில் நிலைமை தலைகீழ். குடல்வால் அழற்சியைச் சந்தேகிக்கும் மருத்துவர் வலப்பக்க அடிவயிற்றை மெல்ல அழுத்திப் பார்க்கிறார், கையை எடுக்கும்போது வலி கூடுகிறதா என்று கவனிக்கிறார், தசை விறைத்திருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார். வீட்டிலுள்ளவர் திரைக்கு முன்னால் அழுத்திக் காட்டுவது இதற்கு ஈடாகாது. மணிக்கணக்கில் குறையாத வயிற்றுவலிக்குக் காணொளியில் வலி மாத்திரை வாங்கி அன்றைய இரவைக் கடத்துவதை நான் ஆபத்தாகவே பார்க்கிறேன். டெங்குவிலும் ஏமாறுவதற்கு இடமுண்டு: காய்ச்சல் விட்டதும் குணமாகிவிட்டது என்று தோன்றும், ஆனால் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து நோய் முற்றுவது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான். அப்போது வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

நாய்க்கடியில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டும் பயன்படும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவச் சொல்வதற்குத் தொலைபேசி போதும். தடுப்பூசிக்கும், காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப்பொருள் ஊசிக்கும் அன்றே நேரில் போயாக வேண்டும்.

நேரடி மருத்துவத்தின் குறையையும் சொல்லியாக வேண்டும். பதற்றத்தில் தெருமுனை கிளினிக்குக்கு ஓடி, அங்கே ஒரு ஊசி போட்டுக்கொண்டு, பிறகு ஸ்கேன் வசதியுள்ள இடத்துக்கு அனுப்பப்படுவதும் தாமதம்தான். நேரில் போனோம் என்பதனாலேயே சரியான இடத்துக்குப் போய்விட்டோம் என்று ஆகிவிடாது. உயிராபத்து வெளிப்படையாகத் தெரியாத நேரங்களில், தமிழ்நாட்டில் 104 மருத்துவ ஆலோசனை எண்ணிலோ காணொளியிலோ முதலில் பேசுவது இங்கேதான் பயன் தருகிறது.

காணொளி மருத்துவர் இரண்டு நிமிடம் பேசிவிட்டு, "உடனே கிளம்புங்கள்" என்று சொன்னால், காசு கொடுத்தும் மருந்து எழுதவில்லையே என்று குறைபடுவோர் உண்டு. அந்த மருத்துவர் தம் வேலையை நன்றாகச் செய்திருக்கிறார் என்பதே என் கருத்து. தொட்டுப் பார்க்க வேண்டிய நோய்க்குத் திரையிலேயே மருந்தெழுதி ஆறுதல் சொல்பவரிடம்தான் எனக்கு நம்பிக்கை குறைவு. அப்படிக் கிளம்பச் சொன்னால், எந்த மருத்துவமனைக்குப் போவது, அங்கே என்ன வசதி இருக்க வேண்டும், வழியில் சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்கலாமா என்ற மூன்றையும் அழைப்பைத் துண்டிக்கும் முன் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.