லோங்காங் மீன்: திலாப்பியாவா, கெலியா, பண்டாராயாவா?

மழை விட்ட மறுநாள் காலையில் கோலாலம்பூர் செந்தூல் பக்கம், லோங்காங் என்று நாங்கள் சொல்லும் கால்வாயின் பாலத்தில் நின்று பார்த்தால் நாலு பேராவது தூண்டிலோடு குனிந்திருப்பார்கள். வேலை முடிந்து வந்த வங்காளதேசத் தொழிலாளி, ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர், இரண்டு பள்ளிப் பிள்ளைகள். அவர்கள் வாளியை எட்டிப் பார்த்தால் மூன்று மீன்கள்தான் மாறி மாறிக் கிடக்கும்: திலாப்பியா, கெலி என்கிற கெளுத்தி, பண்டாராயா மீன். மூன்றுமே இந்த ஊர் ஆற்றுக்குச் சொந்தமில்லாதவை. என் மாமா இருபது வருஷமாகக் கால்வாயில் மீன் பிடிப்பவர். நான் அவர் பின்னால் வாளி தூக்கி வளர்ந்தவன். "எதை வீட்டுக்குக் கொண்டு போகலாம்?" என்று கேட்கிறவர்களுக்காக மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

திலாப்பியாவிலிருந்து தொடங்குவோம். தமிழ்நாட்டில் ஜிலேபிக் கெண்டை என்பார்களே, அதே மீன்தான். ஆப்பிரிக்காவில் பிறந்து, ஜாவா வழியாக ஜப்பான்காரன் ஆட்சிக் காலத்தில் மலாயாவுக்கு வந்தது. பழைய ஆட்கள் இதை ஜப்பான் மீன் என்று சொன்னதற்கு அதுதான் காரணம். இப்போது கால்வாயில் கிடைப்பது பெரும்பாலும் கறுப்பும் சிவப்பும் கலந்த கலப்பினம். முட்டையை வாய்க்குள் வைத்து அடைகாப்பதால் குஞ்சுகள் தப்பிப் பிழைக்கின்றன. அதனால்தான் எந்தத் தண்ணீரிலும் பெருகிவிடுகிறது. பிடிப்பதற்கு இதைவிடச் சுலபமான மீன் இல்லை. ரொட்டியைப் பிசைந்து உருட்டி, சின்னத் தூண்டில் முள்ளில் குத்திப் போட்டால் போதும். முதுகுத் துடுப்பில் இருக்கும் முட்களை மட்டும் பார்த்துப் பிடிக்க வேண்டும். சதை வெள்ளை, நடு முள்ளை எடுத்துவிட்டால் பிள்ளைகளுக்கும் ஊட்டலாம். பாசியும் சின்னப் பூச்சிகளும்தான் அதன் முக்கிய உணவு. மற்ற மீனைத் தின்னும் பெரிய மீன்களைப் போல இதன் உடம்பில் பாதரசம் அவ்வளவாகச் சேராது. இதை ஒரு சாதகமாகச் சொல்லலாம். ஆனால் இந்தச் சாதகத்தை நம்பி எந்தச் சாக்கடையிலும் இறங்கிவிடக் கூடாது.

கெலியைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும், ருசியில் மூன்றில் முதலிடம் அதற்கே. இங்கே முன்பு இருந்த நாட்டுக் கெலி சின்னது, வயலிலும் சதுப்பிலும் கிடைக்கும். இப்போது கால்வாயில் விழுவது பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கெலி. பண்ணை வளர்ப்புக்காக 1980-களில் வந்து, தப்பித்து, ஊரெங்கும் பரவிவிட்டது. இந்தியாவில் இந்த மீனை வளர்க்கத் தடை உண்டு. மலேசியாவில் அது சாதாரணமாகக் கடையில் விற்கும் மீன். செவுளுக்கு மேல் காற்றை நேரடியாக உறிஞ்சும் ஓர் உறுப்பு இதற்கு இருக்கிறது. தண்ணீரில் உயிர்க்காற்று தீர்ந்துபோனாலும் மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்துவிட்டுப் போகும். மழை இரவில் ஒரு குட்டையிலிருந்து இன்னொரு குட்டைக்குத் தரையில் ஊர்ந்தும் போகும்.

இந்தத் திறமைதான் சாப்பிடுகிறவனுக்கு ஆபத்து. மற்ற மீன்கள் செத்து மிதக்கும் தண்ணீரிலும் கெலி கொழுகொழுவென்று இருக்கும். மீன் உயிரோடு துள்ளுவதைப் பார்த்துத் தண்ணீர் நல்லது என்று நினைக்கிறவர்கள் ஏராளம். கெலி விஷயத்தில் அந்தக் கணக்கு செல்லாது. எதையும் தின்னும்: செத்த எலி, கோழிக்குடல், உணவுக்கடைக் கழிவு. பட்டறை எண்ணெய் கலந்த அடிச்சேற்றில்தான் படுத்துக் கிடக்கும்.

பிடிக்கும்போதும் கவனம் வேண்டும். மார்புத் துடுப்பில் இருக்கும் முள் குத்தினால் கை வீங்கிவிடும். பதினான்கு வயதில் எனக்குக் குத்தி, இரண்டு நாள் பேனா பிடிக்க முடியவில்லை. அதைவிடப் பயப்பட வேண்டியது எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் காலில் சின்னக் காயத்தோடு இறங்கினாலே கிருமி உள்ளே போய்விடும். அதனால் மாமா பூட்ஸ் போடாமல் லோங்காங்கில் கால் வைக்க மாட்டார்.

வாடையைப் பற்றிப் பேசாமல் கெலியை விட முடியாது. "நாலு நாள் நல்ல தண்ணீரில் விட்டு வைத்தால் எல்லா அழுக்கும் போய்விடும்" என்று எங்கள் அத்தை சொல்வார். பாதிதான் உண்மை. மண் வாடை பாசியும் மண்ணில் வாழும் நுண்ணுயிரும் உண்டாக்கும் ஒரு பொருளால் வருவது. தீனி போடாமல் சுத்தமான தண்ணீரில் சில நாள் வைத்திருந்தால் அது குறையும். புளி அதை இன்னும் முறிக்கும். நம் பாட்டிகள் கெலிக்குப் புளியைக் கூட்டிப் போட்டது சரியான கைப்பக்குவம். ஆனால் காரீயமும் காட்மியமும் உடம்புக்குள் கட்டிப்போனவை. நாலு நாளில் இறங்காது, எண்ணெயில் பொரித்தாலும் போகாது. கிருமியை நெருப்பு கொல்லும், உலோகத்தை ஒன்றும் செய்யாது. தலை, குடல், ஈரல், செவுள் எல்லாவற்றையும் எடுத்து எறிந்தால் ஓரளவு குறையும், அவ்வளவுதான். வாடை போனதும் மீன் சுத்தமாகிவிட்டது என்று நம் மூக்கு சொல்லும். அதை நம்பிப் பிள்ளைக்கு ஊட்டுகிறோமே என்பதுதான் என் கவலை.

மூன்றாவது பண்டாராயா மீன். மீன் தொட்டியின் பாசியை நக்கித் துப்புரவு செய்வதால் மலாயில் பண்டாராயா மீன், அதாவது மாநகராட்சி மீன் என்று பெயர். தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. தொட்டியில் பெரிதானதும் மனசு கேட்காமல் ஆற்றில் விட்டவர்களால்தான் கிள்ளான் ஆறு முழுக்க இது நிறைந்துவிட்டது. ஓர் உயிருக்கு நல்லது செய்வதாக நினைத்து இன்றும் விடுகிறார்கள், தயவுசெய்து விடாதீர்கள். ஆண் மீன் கரையில் கை நுழையும் அளவுக்குப் பொந்து தோண்டி முட்டையைக் காக்கும்; பொந்து பெருகப் பெருகக் கரை சரியும். தூண்டிலில் அபூர்வமாகத்தான் விழும், வீச்சு வலைதான் வேண்டும். உடம்பெல்லாம் எலும்புக் கவசம் என்பதால் வலையையும் கிழிக்கும், கையையும் கிழிக்கும். அமேசான் ஓரம் கவசத்தோடு நெருப்பில் சுட்டுத் தின்கிறார்கள். அங்கே ஆறு வேறு. இங்கே அடிச்சேற்றை நக்கி வளர்ந்த மீனை, அதுவும் ஒரு கிலோவுக்குக் கைப்பிடிச் சதைதான் தேறும் மீனை, உரித்துச் சமைக்க எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. கோலாலம்பூர், சிலாங்கூர் ஆறுகளில் இதை வலைபோட்டு அகற்றும் தன்னார்வக் குழு ஒன்று 2022-லிருந்து இயங்குகிறது. அவர்கள் செய்வது பெரிய காரியம்.

ஆக, பிடிப்பதற்கு எது, தின்பதற்கு எது என்று இரண்டாகப் பிரித்துக் கேட்டால்தான் பதில் கிடைக்கும். பிடிக்க வேண்டியது மூன்றையும், முதலில் பண்டாராயாவை. சாலையோரக் கால்வாயிலிருந்து தின்ன வேண்டியது எதுவும் இல்லை. திலாப்பியா கொஞ்சம் பரவாயில்லை என்பதெல்லாம் பட்டறையும் தொழிற்சாலையும் மேலே இல்லாத தண்ணீருக்குப் பொருந்தும் பேச்சு. பழைய ஈயச் சுரங்கம் தோண்டிய இடத்தில் தேங்கிய தெளிந்த ஈயக்குட்டைகளைக்கூடக் கண்ணால் பார்த்து நம்பிவிட முடியாது. தோண்டிய மண்ணிலிருந்து ஆர்செனிக் கசிந்திருக்கலாம். வாரத்துக்கு மூன்று முறை கால்வாய் மீனை நம்பிச் சமைக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். கெம்போங் என்கிற கடல் மீனின் விலை ஏறியபிறகு அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்களிடம் நான் சொல்வது ஒன்று: கர்ப்பிணிக்கும் சின்னப் பிள்ளைக்கும் மட்டுமாவது வேறு மீன் வாங்கிக் கொடுங்கள்.

அதற்கு வழியும் இருக்கிறது. சௌகிட் பசாரில் தொட்டியில் நீந்தும் திலாப்பியா கால்வாய் மீனின் உறவுக்காரன்தான். பேராக்கின் தெமெங்கோர் ஏரிக் கூண்டுகளில் வளர்ந்ததும் சந்தைக்கு வருகிறது. கெலிதான் வேண்டுமென்றால் வீட்டுக்குப் பின்னால் கேன்வஸ் தொட்டியில் வளர்க்கிறவர்கள் பலர் உண்டு, மலிவாகத் தருவார்கள். அதே ஆப்பிரிக்கக் கெலி, தண்ணீரும் தீனியும் மட்டும் வேறு. மஞ்சளும் உப்பும் தடவிப் பொரித்துச் சம்பாலில் புரட்டினாலும் சரி, கத்தரிக்காய் போட்டுப் புளிக்கறி வைத்தாலும் சரி, கால்வாய்க் கெலிக்கு ஒரு துளியும் குறையாது.

தூண்டிலில் விரால் விழுந்தால் மட்டும் மாமா திரும்ப விட்டுவிடுவார். அது இந்த மண்ணின் மீன். பண்டாராயா விழுந்தால் கரையில் துடிக்க விடமாட்டார். தண்ணீருக்கு வெளியே பல மணி நேரம் உயிரோடு கிடக்கும் மீன் அது. தலையில் ஒரே அடி, பிறகு சாக்குப்பை. வீட்டுக்குக் கொண்டுவந்து பிளாட்டுக்குப் பின்னால் செம்பருத்திக்கு அடியில் ஆழமாகப் புதைக்கிறார். கறிவேப்பிலைப் பக்கம் மண்வெட்டியைக் கொண்டுபோக அத்தை விடுவதில்லை.