அடுப்பு மூட்டாத மதியச் சாப்பாடு: வீச்சு ரொட்டியா, அச்சுப் பாணா, கடை டோர்ட்டியாவா, கோவா இலையா?

காலை 6 மணிக்குச் சுற்றி வைத்த ராப் (ரொட்டியிலோ இலையிலோ உள்ளுடன் வைத்துச் சுருட்டிய சாப்பாடு), மதியம் திறக்கும்போது எப்படி இருக்கும்? யாழ்ப்பாணத்தில் எந்த ராப் நல்லது என்று பேசுவதற்கு முன் இதைத்தான் கேட்க வேண்டும். காணொளிகளில் பார்க்கிற ராப் எல்லாம் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து, குளிரான ஊரில் பையில் போட்டு, குளிரூட்டிய அறையில் சாப்பிடுகிறவை. நம்முடைய பிள்ளையின் பெட்டி சித்திரை வைகாசி வெக்கையில் வகுப்பறை மூலையில் கிடக்கிறது. பள்ளிக்கூடம் முடிந்து நேரே ரியூசனுக்குப் போகிற பெரிய வகுப்புப் பிள்ளை 2 மணிக்குத்தான் அதைத் திறக்கும், எட்டு மணி நேரம். கந்தோருக்குப் போகிறவர்களுக்கு ஆறு மணி நேரம் சாதாரணமாக ஆகிவிடும்.

அதனால் இந்த ஒப்பீட்டில் ஒரே அளவுகோல்: சுற்றி முடித்த ருசியை விட, ஆறு மணி நேரமாவது கழிந்த ருசியும் பாதுகாப்பும் முக்கியம். அடுப்பு மூட்டாமல் என்றால் காலையில் எதையும் சூடாக்காமல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கியதும், விடுமுறை நாளில் செய்து போத்தலில் போட்டு வைத்ததும் சேரும். 2022இல் எரிவாயு சிலிண்டருக்கு வரிசையில் நின்ற காலத்தில் பல வீடுகள் இப்படித்தான் சமாளித்தன. சிலிண்டர் தாராளமாகக் கிடைக்கிற இப்போதும், விடிய எழும்பிப் பிட்டு அவிக்க நேரமில்லாத அம்மா அப்பாவுக்கு இந்த வழி தேவையாகத்தான் இருக்கிறது.

எதில் சுற்றுவது?

என் முதல் தெரிவு வீச்சு ரொட்டி. மாலையில் கொத்து ரொட்டி போடும் கடையில் வெறும் ரொட்டியாக வாங்குவது. கறி ஊற்ற வேண்டாம் என்றும், மடிக்காமல் தாருங்கள் என்றும் சொல்ல வேண்டும். சும்மா கேட்டால் நான்காக மடித்துத் தாளில் போட்டுத் தருவார்கள். காலையில் அந்த மடிப்பு வழியே கிழியும். முட்டை போடாத ரொட்டியாகவும் இருக்க வேண்டும், ஏனென்றால் அது இரவு முழுக்க வெளியே இருக்கப் போகிறது.

இந்த ரொட்டியின் பலமே அதன் எண்ணெய்தான். பிசைந்த கோதுமை மாவை உருண்டை பிடித்து எண்ணெயில் ஊறவைத்து, பிறகு வீசுகிறார்கள். அந்த எண்ணெய் ரொட்டியை வளையவும் வைக்கிறது. உள்ளே இருக்கும் காய்கறியின் ஈரம் மாவுக்குள் இறங்குவதையும் தாமதப்படுத்துகிறது. பாண் இரண்டு மணி நேரத்தில் நனைந்து போகிற இடத்தில் வீச்சு ரொட்டி மதியம் வரை தாங்கும்.

வைக்கிற முறையில்தான் பலர் சறுக்குகிறார்கள். சூட்டோடு டப்பாவில் போட்டு மூடினால் ஆவி வேர்த்து ரொட்டி பிசுபிசுக்கும். ஆறவிட்டு, பருத்தித் துணியில் சுற்றி, பிறகு மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். ஓரிரவுக்குக் குளிர்ப்பெட்டி வேண்டாம். மாவுச்சத்து குளிர்ப்பெட்டிக் குளிரில்தான் வேகமாக இறுகும். காலையில் தோல் போல இருக்கும், சுற்றினால் வெடிக்கும். ஞாயிறே வாங்கி வாரத்துக்கு வைப்பதென்றால் உறைபெட்டியில், இடையிடையே தாள் வைத்து அடுக்குங்கள். முதல் நாள் இரவு படுக்கப் போகும்போது வேண்டியதை மட்டும் வெளியே எடுத்தால் போதும்.

குறை இல்லாமலில்லை. எண்ணெயும் வெள்ளை மாவும் அதிகம். நீரிழிவு உள்ளவருக்கு இதை நாளாந்தம் கட்டிக் கொடுக்க மாட்டேன்.

அடுத்தது அச்சுப் பாண். சின்னப் பிள்ளைகளுக்கு வீச்சு ரொட்டியை விட இது மேல் என்று துணிந்து சொல்வேன். ஓரத்தை வெட்டிவிட்டு, துண்டை ஒரு போத்தலால் உருட்டித் தட்டையாக்கினால் அழகாகச் சுருளும். முதலாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் கைக்கு அளவான சுருள். கடித்து இழுக்க வேண்டியதில்லை, இன்ரவல் மணி அடிப்பதற்குள் சாப்பிட்டு முடியும். அன்றைய பாணாக இருக்க வேண்டும், அல்லது முதல் நாள் பின்னேரம் வாங்கி இறுகக் கட்டி வைத்த பாண். ஒரு நாள் கூடினாலும் சுருட்டும்போது உடையும். ஈரத்தை மட்டும் இது தாங்காது. தக்காளி, வெள்ளரி வைத்தால் 10 மணிக்கே களியாகிவிடும். ஓரம் வரை பட்டரோ மாஜரினோ பூசுவதால் கொஞ்சம் காப்பாற்றலாம். பெரியவருக்கு இது பசி தீர்க்காது. நாலைந்து சுருள் வேண்டும், அதற்குள் வீச்சு ரொட்டி இரண்டு சுற்றிவிடலாம். றோஸ் பாண் இந்த வேலைக்கு ஆகாது. அதைப் பிளந்து உள்ளே வைக்கலாம், அது வேறு சாப்பாடு.

சூப்பர்மார்க்கெட்டில் பக்கெட்டில் வரும் டோர்ட்டியாவுக்கு (மெக்சிக்கோ நாட்டு மெல்லிய ரொட்டி) ஒரு நல்ல குணம் உண்டு: எல்லாம் ஒரே அளவு, ஒரே தடிப்பு, கிழியாமல் சுற்றலாம். சூடாக்கிச் சாப்பிடச் சொல்லிப் பக்கெட்டில் எழுதியிருக்கும். நம் ஊர் வெக்கையில் கால் மணி நேரம் மேசையில் வைத்தாலே வளைகிற பதத்துக்கு வந்துவிடும், தாச்சி தேவையில்லை. ஆனால் வீச்சு ரொட்டியின் ருசி இதில் இல்லை. விலையும் இடிக்கிறது. திறந்த பக்கெட்டை வெளியே வைத்தால் மாரிகால ஈரத்தில் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும். திடீரென ஒரு நாள் ரொட்டிக் கடை பூட்டியிருந்தால் உதவட்டும் என்று ஒரு பக்கெட் வைத்திருக்கலாம், அவ்வளவுதான்.

கோவா இலையை நம்மில் பலர் சுண்டலுக்குத்தான் நினைப்பார்கள். மாவே வேண்டாம் என்பவருக்கு இதுதான் சரியான உறை. பெரிய வெளி இலையைக் கிழியாமல் எடுத்து, நடு நரம்பின் தடிப்பை மட்டும் கத்தியால் சீவி, உப்புத் தடவி இருபது நிமிடம் விட்டால் இலை தளரும். கழுவி, துணியால் நன்றாக ஒற்றிவிட்டுச் சுற்றுங்கள். தை, மாசியில் தோட்டத்துக் கோவா சந்தைக்கு வரும் நாட்களில் இலை இளசாக இருக்கும். திருநெல்வேலியிலோ மருதனார்மடத்திலோ வெளி இலை கழிக்காத கோவாவாகப் பார்த்து வாங்குங்கள். மதியத்திலும் மொறுமொறுப்பாக இருப்பது இது ஒன்றுதான். சலாது இலையும் இப்படிச் சுற்றலாமே என்றால், வெயிலில் துவண்டு கறுத்துவிடும்.

அரிசித் தாள் காலையில் கண்ணாடி போல அழகு, மதியம் ஒன்றோடொன்று ஒட்டிய றப்பர். குரக்கன் ரொட்டி சுருட்டினால் உடையும். இரண்டையும் விட்டுவிடலாம்.

உள்ளுடன்தான் தீர்மானிக்கிறது

எதில் சுற்றினாலும், கெடுவது உள்ளே இருப்பதுதான். நோய்க்கிருமிகள் 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடையில் வேகமாகப் பெருகும். இறைச்சி, மீன், முட்டை போன்றவற்றை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம், வெக்கை 32 பாகையைத் தாண்டினால் 1 மணி நேரம்தான் என்பது உணவுப் பாதுகாப்பில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. நம் ஊரில் வருடத்தில் பாதி நாள் அந்த 1 மணி நேரக் கணக்குக்குள்தான் இருக்கிறோம்.

இதை வைத்துப் பார்த்தால் டின் மீன் கதை தெளிவாகும். டின்னுக்குள்ளேயே வெந்த மீன். வெங்காயம், பச்சை மிளகாய், மிளகுத்தூள், தேசிக்காய்ப்புளி விட்டுப் பிசைந்தால் அடுப்பில்லாமல் இதை விட ருசியான உள்ளுடன் கிடையாது. ஆனால் டின்னைத் திறந்த நொடியிலிருந்து அது பச்சை மீன் போலத்தான் கவனிக்கப்பட வேண்டியது. தேசிக்காய்ப்புளி அதைக் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். காலையில் பிசைந்து, குளிரில்லாத பெட்டியில் மதியம் வரை அனுப்பவே கூடாது. கந்தோரில் குளிர்ப்பெட்டி இருந்தால் தாராளமாகக் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால், இழுத்துத் திறக்கும் சின்ன டின்னையும் வெறும் ரொட்டியையும் நறுக்கிய வெங்காயத்தையும் தனித்தனியே கொண்டுபோய் அங்கே சுற்றிச் சாப்பிடுவது நல்லது. கோழித் துண்டு, சொசேஜ், முதல் நாள் அவித்த முட்டை, இரவு மிஞ்சிய கடலை எல்லாம் இதே கணக்குத்தான்.

தேங்காய்ச் சம்பலிலும் கவனம் வேண்டும். பச்சைத் தேங்காய்ப்பூ வெக்கையில் சில மணி நேரத்தில் புளித்து வாடை மாறிவிடும். தண்ணீர் விட்டு அரைத்த பச்சைச் சம்பல் இன்னும் சீக்கிரம். வல்லாரைச் சம்பலும் தேங்காய்ப்பூ சேர்வதால் அதே வழிதான். போதாததற்கு இலை கறுத்து நீர் விடும். இங்கேதான் நம் பழைய இடிச்ச சம்பல் வெற்றி பெறுகிறது. தேங்காயை ஈரம் போக வறுத்து, செத்தல் மிளகாயோடு இடித்தது. ஈரமில்லாததால் வெளியே தாங்கும். தூரப் பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போன சம்பல் என்பதே அதற்குச் சான்று. விடுமுறை நாளில் இடித்துக் காய்ந்த போத்தலில் போட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் வாரம் முழுக்கக் கைகொடுக்கும். வீச்சு ரொட்டியின் எண்ணெயும் இதன் உறைப்பும் சேருவது தனி ருசி. கூடவே துருவிய கரட், மெல்லிய கோவாச் சீவல். சுற்றுவதற்கு முன் ஒரு பருத்தித்துறை வடையை நொறுக்கித் தூவிப் பாருங்கள். மதியத்துக்குள் கொஞ்சம் தளர்ந்தாலும் கடிபடும்.

உறைப்புச் சாப்பிடாத பிள்ளைக்குக் கச்சான் பட்டரும் வாழைப்பழமும். நீர்வேலிப் பக்கத்துக் குலைகள் இருக்கிற ஊரில் இதற்கு என்ன குறை! கச்சான் பட்டரில் ஈரம் மிகக் குறைவு, வெக்கையில் கெடாது. பழத்தை வட்டமாக வெட்டினால் கறுக்கும், நீர் விடும்; முழுதாக உரித்து வைத்து அச்சுப் பாணிலோ ரொட்டியிலோ சுற்றி, சாப்பிடும்போது கடிக்கட்டும். அதிகம் கனியாத பழம் வேண்டும். சில பிள்ளைகளுக்குக் கச்சான் ஒவ்வாது என்பதால், மற்றவரோடு பகிர வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

முக்கோணச் சீஸ் இடையில் நிற்கிறது. அது பதப்படுத்திய சீஸ். தாள் பிரிக்காமல் பெட்டியில் வைத்தால் காலை இன்ரவல் வரை பயமில்லை. பூசிய பிறகு அதிக நேரம் விடாதீர்கள். மிளகுத்தூளும் கரட் துருவலும் போதும்.

தக்காளிப்பழம், வெள்ளரிக்காய் வைத்தே ஆக வேண்டும் என்றால் விதைப் பகுதியை வழித்து எறிந்துவிட்டுச் சதையை மட்டும் வையுங்கள். உப்பு மட்டும் போட வேண்டாம். உப்புப் பட்டதும் காய் நீரை விடும், அந்த நீர்தான் ரொட்டியைக் கெடுக்கிறது.

எதில் கட்டுவது?

சோற்றுப் பார்சல் சுற்றும் பொலித்தீன் தாளான லஞ்ச் சீற் 2017 செப்டம்பரில் தடை செய்யப்பட்டது. பழைய பத்திரிகைத் தாளில் நேரடியாகச் சுற்றுவதையும் விட வேண்டும், மை சாப்பாட்டில் ஒட்டும். வாழையிலையை வழக்கமாக நெருப்பில் வாட்டுவோம். நெருப்பில்லாமல் வாட்ட வேண்டுமென்றால் முதல் நாள் பின்னேர வெயிலில் கொஞ்ச நேரம் போட்டு, துடைத்து எடுத்து வைக்கலாம், துவண்டு வளையும். முதிர்ந்த இலையை விட இளம் இலை இதற்கு நல்லது. இலை கிடைக்காத நாளில் எண்ணெய்த் தாள். இறுகச் சுற்றி, முடியும் விளிம்பு கீழே வருமாறு பெட்டியில் அடுக்கினால் பிரியாது. பெட்டிக்குப் பக்கத்தில் இரவே உறையவைத்த தண்ணீர்ப் போத்தல் ஒன்றை வைத்தால், சீஸ் வைத்த ராப்பும் கூடுதல் நேரம் குளிர்ச்சியாக இருக்கும். மதியம் உருகிய தண்ணீரைக் குடிக்கவும் செய்யலாம்.

யாருக்கு எது என்று கேட்டால்: பெரிய வகுப்புப் பிள்ளைக்கும் கந்தோருக்குப் போகிறவருக்கும் வீச்சு ரொட்டியும் இடிச்ச சம்பலும், இதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. சின்னவர்களுக்கு அச்சுப் பாணில் கச்சான் பட்டரும் வாழைப்பழமும். நீரிழிவு உள்ளவருக்குக் கோவா இலையில் கச்சான் பொடியும் கரட்டும். வெள்ளிக்கிழமையும், நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் மச்சம் சேர்க்காத வீடுகளில் டின் மீன் என்ற கேள்வியே எழாது. இந்த மூன்றையும் மாற்றி மாற்றிக் கட்டலாம். இடிச்ச சம்பலில் மாசிக் கருவாடு சேர்க்கும் பழக்கமுள்ளவர்கள் அந்த நாட்களுக்கு மட்டும் மாசியில்லாமல் வேறு போத்தலில் இடித்து வையுங்கள்.