குவியும் அலுவலக மெயில்: மண்ணடியிலிருந்து ஒரு ஜிமெயில் அனுபவம்

சென்னை மண்ணடியில், துறைமுகத்துக்கு வரும் சரக்கைச் சுங்கத்தில் விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் இறக்குமதிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் அலுவலக மெயில் பல வருடமாக ஜிமெயிலில்தான் ஓடுகிறது. எங்களைப் போல ஒரே முகவரிக்கு ஊர்ப்பட்ட மெயில் வந்து விழும் இடங்களில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஏஜென்ட்கள் வேலை செய்யும் நேரம் நமக்கு மாலையும் இரவும். அதனால் காலையில் கம்ப்யூட்டரைத் திறக்கும்போதே இன்பாக்ஸ் நிரம்பியிருக்கும். ரேட் ஷீட் (கப்பல் கட்டணப் பட்டியல்), கன்டெய்னர் டிராக்கிங், கப்பல் தாமத அறிவிப்பு, எல்லோருக்கும் போட்ட ‘நோட்டட்’, ‘தேங்க்ஸ்’ என்று வரிசையாக இருக்கும். அவற்றுக்கு நடுவில், சரக்கு எப்போது வந்து சேரும் என்று சொல்லும் ஒரு அரைவல் நோட்டீஸ் கண்ணில் படாமல் போனால் நஷ்டம் பெரிது. பொதுவாக, கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் சுங்கத்துறையிடம் பில் ஆஃப் என்ட்ரி, அதாவது இறக்குமதிச் சரக்கு விவரப் பத்திரம், போட்டாக வேண்டும். தாமதமானால் முதல் மூன்று நாளுக்குத் தினம் 5,000 ரூபாய், அதற்கப்புறம் தினம் 10,000 ரூபாய். கன்டெய்னரைத் திருப்பித் தரத் தாமதமானால் விழும் டிடென்ஷன் தனிக் கணக்கு. இதெல்லாம் பார்ட்டியின், அதாவது எங்கள் வாடிக்கையாளரின் பணம். அதனால்தான் மெயிலை ஒழுங்கு செய்வதை எங்கள் வேலையிலேயே ஒரு பகுதியாக நினைக்கிறேன்.

பார்ட்டி பெயரில் லேபிள் போடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரே மெயில் பார்ட்டிக்கும், ஷிப்பிங் லைனுக்கும் (கப்பல் நிறுவனம்), சிஎஃப்எஸ்ஸுக்கும் (கன்டெய்னர் சரக்குக் கிடங்கு) சொந்தமாக இருக்கும். எந்த லேபிளில் வைப்பது? நிலைத்து நின்றது வேறு பிரிப்பு: இயந்திரம் தானாக அனுப்புவது ஒரு பக்கம், மனிதர் எழுதுவது இன்னொரு பக்கம். ரேட் ஷீட்டும் டிராக்கிங்கும் ஃபில்டர் வழியாக இன்பாக்ஸுக்கே வராமல் லேபிளுக்குப் போய்விடும். தேவைப்படும் நாளில் அங்கே போய்ப் பார்த்தால் போதும். அரைவல் நோட்டீஸ் இயந்திரம் அனுப்புவதுதான், ஆனால் அதற்கு மட்டும் விலக்கு. அது இன்பாக்ஸிலேயே நட்சத்திரத்தோடு நிற்கும். ஒவ்வொரு லைனும் சப்ஜெக்ட்டில் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள். ‘அரைவல் நோட்டீஸ்’, ‘கார்கோ அரைவல் நோட்டிஃபிகேஷன்’, அதன் சுருக்கமான வெறும் ‘சிஏஎன்’ எல்லாவற்றையும் ஒரே ஃபில்டரில் ‘அல்லது’ போட்டுச் சேர்த்திருக்கிறேன். புது லைனோடு வேலை தொடங்கினால் அவர்களுடைய முதல் நோட்டீஸைப் பார்த்து அந்த ஃபில்டரைத் திருத்திவிடுவேன்.

அப்புறம் தேடல். நன்றாகத் தேடத் தெரிந்தவருக்கு லேபிள் அதிகம் தேவைப்படாது என்பது என் அனுபவம். ஆனால் ஜிமெயில் தேடல் முழுச் சொல்லைத்தான் பிடிக்கும், சொல்லின் துண்டைப் பிடிக்காது. கன்டெய்னர் எண் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்டது. ஒருவர் அதைச் சேர்த்து எழுதுவார், இன்னொருவர் எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவில் இடைவெளி விடுவார். சேர்த்துத் தேடினால் இடைவெளி விட்ட மெயில் கிடைக்காது. அதனால் எங்கள் அலுவலகத்தில் இரண்டு விதமாகவும் தேடுவதுதான் வழக்கம். “அண்ணே, டிஓ மெயில் வரவே இல்ல” என்று (டிஓ என்றால் சரக்கை எடுக்க லைன் தரும் டெலிவரி ஆர்டர்) கன்டெய்னர் யார்டிலிருந்து தம்பி போன் செய்தால், “இடைவெளி விட்டுத் தேடிப் பாரு” என்பதுதான் என் முதல் பதில். பெரும்பாலும் மெயில் அங்கேதான் இருக்கும்.

இன்னொரு தொல்லை, பழைய மெயிலுக்கே ‘ரிப்ளை’ போட்டுப் புது ஷிப்மென்ட்டைத் தொடங்குகிறவர்கள். முகவரியைத் தேடும் வேலை மிச்சம் என்று அவர்கள் அப்படிச் செய்கிறார்கள். நமக்கோ போன மாதச் சரக்கும் இந்த மாதச் சரக்கும் ஒரே உரையாடலில் சிக்கிக்கொள்ளும். சப்ஜெக்ட்டை மாற்றினால் ஜிமெயில் அதைத் தனி உரையாடலாகப் பிரித்துவிடும். ஆகவே பதில் எழுதும்போது நானே சப்ஜெக்ட்டில் பிஎல் எண்ணை (அந்தச் சரக்கின் பில் ஆஃப் லேடிங் எண்) வைத்து மாற்றிவிடுகிறேன். “சார், இனிமே இதே சப்ஜெக்ட்ல அனுப்புங்க” என்று ஒரு வரியும் சேர்ப்பேன். கொஞ்ச நாளில் பெரும்பாலான பார்ட்டிகள் பழகிவிட்டார்கள்.

ஸ்னூஸ் நல்ல வசதி. கப்பல் வரும் தேதிக்கு முன்னால் மெயில் இன்பாக்ஸுக்குத் திரும்பி வரும்படி வைத்துவிடலாம். மியூட் வசதியை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் ஷிப்மென்ட்டில் தொடவே வேண்டாம்; அந்த உரையாடலின் புது மெயில்கள் இன்பாக்ஸில் தெரியாமல் போய்விடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நகரத்தில் பல இடங்களில் மின்சாரமும் நெட்டும் போய்விட்டன. மறுபடி இணைப்பு வந்ததும், தேங்கியிருந்த மெயில் மொத்தமாக வந்து கொட்டியது. அன்றைக்கு மேலிருந்து கீழாகப் படித்திருந்தால் பொழுது அதிலேயே போயிருக்கும். நட்சத்திரம் போட்டவற்றை முதலில் எடுத்தோம், அடுத்து பார்ட்டிகள் எழுதியவற்றை. மற்றவை காத்திருக்க முடிந்தது.

போனைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டில் லேபிள் வாரியாக அறிவிப்பு ஒலி வைக்கலாம். அரைவல் நோட்டீஸுக்கும் ஒரு லேபிள் கொடுத்து, அதற்கு மட்டும் ஒலி வைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் சத்தமில்லாமல் வந்து சேரும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களின் போனிலும் முதல் நாளே இதைச் செய்து கொடுத்துவிடுகிறோம்.